வீல்சேரில் இருப்பவர் வாசலுக்கு வர: வீட்டில் சாய்தளம் அமைக்க ஒரு வழிகாட்டி

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மதுரையில் எங்களுடையது பழைய வீடு. தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வரவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து நாலு மாதம் அம்மா அந்தப் படியைத் தாண்டவில்லை. டாக்டரிடம் போகிற நாட்களில் மட்டும் நானும் தம்பியும் வீல்சேரோடு தூக்கி இறக்குவோம். தூக்கும்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொள்வார்.

தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலில் ஒரே நாளில் ஒரு சாய்தளம் போட்டேன். ஆறடி நீளம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி வழியில் என் கால் வழுக்கி, நாற்காலி பின்னால் உருண்டது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து பிடித்ததால் யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் அம்மா நாற்காலியில் உட்காரவே மறுத்துவிட்டார். கட்டவும் இடிக்கவுமாக 14,500 ரூபாய் போனது. அந்த இரண்டு மாதம்தான் எனக்குப் பெரிய இழப்பு.

இரண்டாம் முறை நண்பர் ஒருவரின் மகள் உதவிக்கு வந்தாள். சிவில் படிக்கிறாள். டேப்பைக் கையில் எடுக்கும் முன்பே, "மாமா, ஆச்சிகிட்ட என்ன வேணும்னு கேட்டீங்களா?" என்றாள். நான் கேட்கவே இல்லை. தேவையைக் கேட்பது, அளப்பது, நாலு வழி யோசிப்பது, மாதிரி செய்து பார்ப்பது, தப்பைத் திருத்துவது, கடைசியில் கட்டுவது. பொறியியலில் முதல் வருடத்திலேயே இந்த வரிசையைச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அதையே வீட்டு அளவில் எப்படிச் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் படிக்கட்டுக்கு உள்ளேயே அடைபட்டுக் கிடந்தால், கொத்தனாருக்குப் போன் போடும் முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

1. முதலில் அவரிடம் கேளுங்கள்

"வெளியே போக வேண்டுமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். அது போதாது. எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு, எதற்காக என்று கேளுங்கள். அவர் சொல்கிறபடியே ஒரு தாளில் எழுதுங்கள்.

அம்மா நாலு விஷயம் சொன்னார். காலை ஆறரைக்குப் பூக்காரம்மா வரும்போது தெருவில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போக வேண்டும். வாசலில் கோலம் போடுகிற இடத்தைச் சிமெண்ட் போட்டு மூடக்கூடாது. நிலைப்படியை வெட்டக்கூடாது.

கடைசி இரண்டும் எனக்குத் தோன்றியே இருக்காது. நான் முதலில் கட்டிய சாய்தளம் கோலம் போடும் இடத்தின் மேலேயேதான் உட்கார்ந்திருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நமக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். அவர்கள் பேசவில்லை என்பதற்காகச் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், தள்ளப்போகிறவர் யார் என்று பாருங்கள். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். அம்மாவுக்குத் துணையாக வருகிற அக்காவுக்கு 55 வயது, மெலிந்த உடம்பு. காலை ஆறரைக்கு அவர்தான் தள்ள வேண்டும். அதனால் "அந்த அக்கா ஒருவரே, மூச்சு வாங்காமல், ஏற்றி இறக்க முடிய வேண்டும்" என்று தாளின் மேலே எழுதிக்கொண்டோம். பின்னால் குழப்பம் வந்த ஒவ்வொரு முறையும் அந்த வரிதான் முடிவு சொன்னது.

2. காகித வேலையை அன்றே தொடங்குங்கள்

கட்டுமானம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், அட்டைக்கு மாதக்கணக்கு ஆகும். அதனால் அளவெடுப்பதற்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, ஆதார், முகவரிச் சான்று ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எந்த அரசு மருத்துவமனையில் பரிசோதனை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே மருத்துவக் குழு பார்த்து, இயலாமை எத்தனை சதவீதம் என்று எழுதும். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வெள்ளை அட்டை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம்தான் வாசல்.

இதில் மாட்டிக்கொள்கிற இடங்கள்:

பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்பா பெயரின் எழுத்து முன்னால் என்று இருந்ததால் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆதாரில் உள்ளபடி எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு திருத்தக் கேட்டு அலைவது பெரும்பாடு.

நாள். மருத்துவக் குழு எல்லா நாளும் உட்காராது. படுத்த நிலையில் இருக்கும் ஒருவரை ஆட்டோவில் ஏற்றி வீணாக அலைக்கழிக்கக்கூடாது. முதல் நாளே விசாரித்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கைகள், இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டு மூன்றையும் அசலும் நகலுமாக எடுத்துப் போங்கள்.

தற்காலிகச் சான்று. பக்கவாதத்தில் உடம்பு தேறவும் வாய்ப்பு இருக்கிறது என்பதால் சான்றிதழை ஒரு காலக்கெடுவோடு தரலாம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து, முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

தரகர். "நாளைக்கே வாங்கித் தருகிறேன்" என்று வாசலில் நிற்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு விண்ணப்பத்திலிருந்து பரிசோதனை வரை ஏழு வாரம், அட்டை கைக்கு வர இன்னும் ஐந்து வாரம் ஆனது.

இலவச வீல்சேருக்கு இரண்டு வழி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் 40 சதவீதச் சான்றும் வருமானச் சான்றும் கேட்பார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் போகாதவர்களுக்கு அது. இரண்டிலும் கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் கருவிகளை முகாம் வைத்துத் தருகிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முகாம் தேதி கேட்கலாம். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அடிப் திட்டத்தில் ஒருமுறை வாங்கினால் பெரியவர்களுக்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் மறுபடி. இலவசம்தானே என்று அளவு பொருந்தாத நாற்காலியை வாங்கி வந்துவிட்டால் மூன்று ஆண்டு அதோடுதான் வாழ வேண்டும். உட்கார்ந்தால் இடுப்புக்கு இருபுறமும் இரண்டு விரல் அளவு இடம் இருக்க வேண்டும். பாதம் மிதிபலகையில் முழுதாகப் படிய வேண்டும். முகாமிலேயே உட்கார வைத்துப் பாருங்கள்.

வருமான வரி கட்டுபவர் என்றால் இன்னொன்று. வருமான வரிச் சட்டத்தில் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 80டிடி பிரிவாக இருந்தது), உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்காக 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பல பேர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே இதைத் தவறவிடுகிறார்கள்.

3. அளவெடுங்கள், கண்ணை நம்பாதீர்கள்

மூன்று படி, ஒரு படி அரை அடி, ஆக ஒன்றரை அடி என்று வாய்க்கணக்கு போடாதீர்கள். எங்கள் வீட்டுப் படிகளில் ஒன்றுகூட இன்னொன்றின் உயரம் இல்லை.

டியூப் மட்டம் வைத்துப் பாருங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போதும். காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நிலைப்படியை ஒட்டிய வீட்டுத் தரை மட்டத்தில் பிடித்து, மறுமுனையைச் சாய்தளம் தொடங்கப்போகும் இடத்தில் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரைக்கு எத்தனை செ.மீ. என்பதுதான் நீங்கள் ஏற வேண்டிய உயரம். எங்களுக்கு 47 செ.மீ. வந்தது.

கதவையும் அளவெடுங்கள். சட்டத்துக்குச் சட்டம் அளந்தால் பொய்க்கணக்கு. கதவை முழுதாகத் திறந்து வைத்து, கதவுப் பலகைக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பலகையின் கனம் நாலைந்து செ.மீ. தின்றுவிடும். புதிதாகக் கட்டுவோர் 90 செ.மீ. விட வேண்டும். பழைய வீட்டில், நாற்காலியின் அகலத்தோடு கைமுட்டி உரசாமல் இருக்க இரண்டு பக்கமும் நாலு விரல் இருந்தால் சமாளிக்கலாம். அம்மாவின் நாற்காலி 65 செ.மீ., பக்கவாட்டுக் கதவின் இடைவெளி 79.

4. நீளக் கணக்கு: ஒன்றுக்குப் பன்னிரண்டு

ஒரு செ.மீ. உயர 12 செ.மீ. நீளம். இந்தியாவில் பொதுக் கட்டடங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் இதைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்றுதான் சொல்கின்றன. 47 செ.மீ.க்கு 564 செ.மீ. நீளம் வேண்டும், கிட்டத்தட்ட பதினெட்டரை அடி. நான் முதலில் கட்டியது ஆறடி, அதாவது ஒன்றுக்கு நாலுகூட இல்லை.

இது ஏன் முக்கியம் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு தண்ணீர் கேன். அம்மா 62 கிலோ, நாற்காலி 18 கிலோ, மொத்தம் 80. ஒன்றுக்கு நாலு சரிவில் தள்ளும்போது அதில் நாலில் ஒரு பங்கு, 20 கிலோ, தள்ளுபவரின் கையில் இறங்குகிறது. நிறைந்த 20 லிட்டர் கேனை நெஞ்சில் முட்டுக்கொடுத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிற மாதிரி. நடுவில் நிறுத்தி மூச்சுவிட முடியாது, விட்டால் உருண்டுவிடும். ஒன்றுக்குப் பன்னிரண்டில் அது ஏழு கிலோவுக்குள் வந்துவிடுகிறது. அந்தக் கேனில் மூன்றில் ஒரு பங்கு. அக்கா அதைத் தாங்குவார்.

அகலம் 120 செ.மீ. வையுங்கள். மேலே, கதவுக்கு முன்னால், 150 செ.மீ.க்கு 150 செ.மீ. சமதளம் வேண்டும். கதவைத் திறக்கும்போது நாற்காலி சரிவில் நிற்கக்கூடாது, திரும்பவும் இடம் வேண்டும். கீழேயும் அதே மாதிரி. ஏற வேண்டியது 75 செ.மீ.யைத் தாண்டினால் நடுவில் ஓர் இளைப்பாறும் சமதளம் கட்டாயம்.

5. ஒரே வழியில் நின்றுவிடாதீர்கள்

குறைந்தது மூன்று வழியாவது தாளில் வரையுங்கள். முதலில் தோன்றுவதுதான் சரி என்று நினைத்ததால்தான் நான் ஏமாந்தேன்.

முன்வாசலில் நேராகப் போட்டால் பதினெட்டரை அடி தெருவுக்குள் நீட்டிக்கொண்டு போகும். அது நம் இடம் இல்லை. சாக்கடை மூடியின் மேல் கட்டினால் அதைச் சுத்தம் செய்ய வருபவர்கள் என்றைக்காவது இடிப்பார்கள், அது நியாயமும்கூட. மடக்கு அலுமினியத் தளம் வாங்கலாமா என்று பார்த்தோம். எட்டடி நீளமுள்ளது 20 செ.மீ. உயரத்துக்குத்தான் சரிவரும். ஒரு படி மட்டும் உள்ள வீட்டுக்கு, வாடகை வீட்டுக்கு, காரில் எடுத்துப்போக, அது நல்ல வழி. சின்ன லிப்ட் எங்கள் பணத்துக்கு எட்டவில்லை, மின்சாரம் போனாலும் சிக்கல்.

கடைசியில் வீட்டை ஒட்டிய சந்து கண்ணில் பட்டது. 160 செ.மீ. அகலம், தெருக்கதவிலிருந்து பக்கவாட்டுக் கதவு வரை 9 மீட்டர். பழைய பாத்திரமும் சைக்கிளும் போட்டு வைத்திருந்த இடம். சரிவுக்கு 5.64, மேல்தளத்துக்கு 1.5, கீழே மீதி. பொருந்திவிட்டது. முன்வாசலை யாரும் தொட வேண்டியதில்லை, கோலமும் தன் இடத்தில் இருக்கும். அம்மாவிடம் படம் வரைந்து காட்டினோம். "பின்பக்கமா போறவளா ஆயிட்டேனா?" என்று கேட்டார். எனக்கு அது சுருக்கென்றது. சந்தின் தெருக்கதவைக் கழுவிப் பெயின்ட் அடித்து, மாவிலைத் தோரணம் கட்டி, அதையும் ஒரு வாசலாக்கிய பிறகுதான் அவர் சம்மதித்தார். செலவு நூறு ரூபாய்தான். ஆனால் இதைச் செய்யாமல் கட்டியிருந்தால் அந்தச் சாய்தளம் சும்மா கிடந்திருக்கும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டு, கழற்றக்கூடிய இரும்புத் தளம் போடுங்கள். அடுக்குமாடி என்றால் அளவோடு ஒரு வரைபடமும் மருத்துவச் சான்றின் நகலும் வைத்துச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பொதுவாசலில் போட்டால் எல்லா வீட்டுப் பெரியவர்களுக்கும் பயன்படும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். சண்டையோடு தொடங்கினால் ஒரு வருடம் ஓடிவிடும்.

6. சிமெண்டுக்கு முன் பலகையில் செய்து பாருங்கள்

எனக்கு மிக உதவியது இந்தக் கட்டம்தான். ஒரு நாளைக்கூடச் சுருக்காதீர்கள்.

18 மி.மீ. பிளைவுட் மூன்று தகடு வாங்கினோம். செங்கல்லையும் மரத்துண்டுகளையும் அடுக்கி, ஒரு மீட்டருக்கு 8.3 செ.மீ. உயரும்படி வைத்து, மேலே பலகையைப் பரப்பி, அசையாமல் ஆணி அடித்தோம். முழு அளவுச் சாய்தளம் அரை நாளில் நின்றது.

முதலில் ஆளை ஏற்றாதீர்கள். நாங்கள் 20 கிலோ மணல் மூட்டை மூன்றை நாற்காலியில் கட்டி, அக்காவையே தள்ளச் சொன்னோம். பிறகு நான் உட்கார்ந்தேன். நாலாவது நாள்தான் அம்மா. அந்த நாலு நாளில் தெரிந்தவை காகிதத்தில் வரவே வராதவை.

சந்தின் தெருக்கதவு உள்பக்கம் திறந்து, கீழ்ச் சமதளத்தில் நாற்காலியை இடித்தது. தெருப்பக்கம் திறக்கவைத்தால் நடப்பவர்களுக்கு இடைஞ்சல். பக்கவாட்டில் தள்ளும் கதவாக மாற்றினோம்.

அம்மாவுக்கு வலது கைதான் வேலை செய்யும். ஏறும்போது வலப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முதலில் முகம் கீழே பார்த்தபடி இறக்கியபோது அதே கைப்பிடி இடப்பக்கம் ஆகிவிட்டது, பிடிக்க வழியில்லை. ஒரு பக்கம் போதும் என்று வரைபடத்தில் எழுதியிருந்த நாங்கள் இரண்டு பக்கமும் என்று மாற்றினோம். பக்கவாதம் வந்தவர் வீட்டில் கைப்பிடியை ஒரு பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.

ஒரு முறை அம்மா தானே வலது சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். ஒரு சக்கரத்தை மட்டும் தள்ளினால் நாற்காலி இடப்பக்கம் திரும்பும். ஓரத்துக்குப் போய்விட்டது. அதனால் விளிம்பில் 8 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு.

இறக்கும்போது முகம் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கக்கூடாது. தள்ளுபவர் கீழ்ப்பக்கம் நின்று, நாற்காலியைப் பின்னோக்கி மெல்ல இறக்க வேண்டும். இதை அக்கா பலகையிலேயே பழகிவிட்டதால் சிமெண்டு வந்த அன்று பயம் இல்லை.

பலகையில் சோதிக்கும்போது இரவில் ஒரு முறையும், தண்ணீர் தெளித்து ஒரு முறையும் பாருங்கள். சந்தில் விளக்கே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

7. கட்டும்போது கூடவே நில்லுங்கள்

வரைபடத்தைக் கொத்தனாரிடம் கொடுத்தால் மட்டும் போதாது. சுவரில் சாக்பீஸால் சரிவுக் கோட்டை முழு நீளத்துக்கும் போட்டுவிடுங்கள். "இவ்வளவு நீளம் எதுக்கு சார், பத்தடி போதும்" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், உங்களுக்குச் செலவைக் குறைக்கப் பார்க்கிறார்கள். பொறுமையாகத் தண்ணீர் கேன் கணக்கைச் சொல்லுங்கள். எங்கள் கொத்தனார் பலகையில் தானே நாற்காலியைத் தள்ளிப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

இரண்டு பக்கமும் செங்கல் சுவர், உள்ளே இடிபாடு நிரப்பித் திமிசு, மேலே 10 செ.மீ. கான்கிரீட். பழைய சாய்தளத்தை உடைத்த துண்டுகள் இதற்கு உதவின. நிரப்பியதை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடிக்காவிட்டால் ஆறு மாதத்தில் உள்வாங்கி விரிசல் விழும். மழைத்தண்ணீர் ஓட ஒரு பக்கம் வாய்க்கால் விடுங்கள்.

மேற்பரப்பை வழவழவென்று பூசவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே இழுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். பளபளப்பான டைல்ஸ், ஆயில் பெயின்ட் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

கைப்பிடி 90 செ.மீ. உயரத்தில் ஒன்று, நாற்காலியில் இருப்பவருக்கு 75 செ.மீ.யில் ஒன்று. பைப் கைக்குள் அடங்கும் கனமாக, சுமார் 4 செ.மீ. குறுக்களவில் இருக்கட்டும். சுவருக்கும் பைப்புக்கும் நடுவே 5 செ.மீ. விடுங்கள், இல்லையென்றால் விரல் நசுங்கும். சரிவு முடிந்த பிறகும் 30 செ.மீ. நீட்டி, முனையைச் சுவர்ப்பக்கமாக வளைத்துவிடுங்கள்.

குறைந்தது ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஈரம் காயாமல் வையுங்கள். கான்கிரீட் முழு வலுவைப் பெற 28 நாள் என்பது வழக்கமான கணக்கு. நாங்கள் பதினைந்தாவது நாள்தான் நாற்காலியை ஏற்றினோம்.

2023இல் எங்களுக்கு ஆன செலவு: சிமெண்ட் பத்து மூட்டை 4,000, எம்சாண்டும் ஜல்லியும் 6,500, செங்கல் 4,500, கொத்தனார் நாலு நாள் 4,400, சித்தாள் இருவர் 5,200, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி 18,500, பிளைவுட் 4,800, நிலைப்படிக்கான மரவேலை 1,400. மொத்தம் 49,300 ரூபாய். கைப்பிடிதான் பெரிய செலவு. பணம் குறைவாக இருந்தால் எஸ்.எஸ்.க்குப் பதில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போடுங்கள். நீளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

8. நிலைப்படியும் குளியலறையும்

வெளியே பதினெட்டு அடி கட்டிவிட்டு, நிலைப்படியில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. எங்கள் பக்கவாட்டுக் கதவின் நிலைப்படி 5 செ.மீ. துருத்திக்கொண்டிருந்தது. அம்மா வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். தச்சர் உள்ளும் புறமும் 60 செ.மீ. நீளத்துக்கு ஆப்பு போன்ற மரச்சரிவு செய்து வைத்தார். நிலைப்படி அப்படியே இருக்கிறது, வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்கும்போது மரத்தைத் தூக்கி ஓரம் வைத்துவிடலாம்.

குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான், திறந்தால் 70 செ.மீ.கூடத் தேறாது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே அவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை நம்மால் தள்ளவே முடியாது. கைப்பிடிக் கம்பியை டைல்ஸை மட்டும் நம்பித் திருகாதீர்கள், பின்னால் செங்கல் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மேற்கத்திய கழிப்பறையின் இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம் இருந்தால் நாற்காலியிலிருந்து மாறுவது எளிது.

9. பயன்படுத்த ஆரம்பித்த பிறகும் பாருங்கள்

முதல் மாதம் தினமும் அக்காவிடம் "எங்கே கஷ்டமா இருந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பத்து நாள் கழித்து, மேல் சமதளத்தில் பிரேக் போட்டும் நாற்காலி நகர்கிறது என்றார். அங்கே தண்ணீர் வடிய விட்டிருந்த வாட்டம் அதிகமாகிவிட்டிருந்தது. ஒரு மூட்டை சிமெண்டில் சரிசெய்தோம்.

நாங்கள் எதிர்பார்க்காததும் நடந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் அந்த வழியாக உருட்டிக்கொண்டு வருகிறார். மூட்டுவலியுள்ள எதிர்வீட்டுப் பெரியம்மா படியை விட்டுவிட்டு அதில் ஏறிவருகிறார், மாலையில் அம்மாவுக்குப் பேச்சுத்துணை. ரேஷன் கடையில் கைரேகை வைக்க அம்மாவே போகிறார். முன்பு எதற்கெடுத்தாலும் "நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்பவர், இப்போது நான் வேலையிலிருந்து வரும்போது அன்றைக்கு யார் யாரைப் பார்த்தார் என்று சொல்கிறார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் சந்துக்குள் பாசி பிடிக்கும். வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டு, துடைப்பக் கோட்டின் திசையிலேயே தேயுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைப்பிடியின் போல்ட்டுகளை ஸ்பேனரால் முடுக்குங்கள், பற்றவைத்த இடங்களில் துருப் பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சக்கரத்தின் காற்றும் பிரேக்கும் அதே நாளில். நாற்காலியை மாற்றினால் டேப்பை எடுத்து மேலே சொன்ன 3ஆம் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.